வடிவாச் சொல்லுங்க

உங்கள் கைக்குட்டையில் ஓடிக்கொலோன் வாசம் இன்னும் போகவில்லை.

திவசத்துக்கு முதல் நாள் அலமாரியைத் துடைக்கலாம் என்று போனேன். சட்டைகளுக்குப் பின்னால் உங்கள் மூக்குக்கண்ணாடிக் கூடு இருந்தது. நீங்கள் போன பிறகு அதை நான் திறக்கவே இல்லை. அன்றைக்கு ஏதோ நினைப்பில் திறந்துவிட்டேன். உள்ளே, கடைசிவரை மாற்றவே மாட்டேன் என்றீர்களே, அதே பழைய கண்ணாடி, அதற்கு அடியில் மடித்து வைத்த கைக்குட்டை. காலையில் வேலைக்குப் புறப்படும்போது அதில் சொட்டு ஓடிக்கொலோன் விட்டு, கண்ணாடியைத் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திருப்தியில்லாமல் மறுபடியும் துடைப்பீர்களே, அந்தக் கைக்குட்டைதான். வாசம் மூக்கில் ஏறியதும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்கிற நாற்றம் வந்த பிறகுதான் எழுந்து ஓடினேன்.

நீங்கள் இருந்திருந்தால் ஒரு வாய் வைத்ததுமே, "பருப்பு அடிப்பிடிச்சிட்டுது" என்று சொல்லியிருப்பீர்கள். சொல்லாமல் விழுங்க உங்களுக்குத் தெரியாது.

திவசத்துக்கு உங்கள் அக்கா வந்திருந்தார். வாழைக்காய் நறுக்கிக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். அதை உங்களிடம் பேசியே ஆக வேண்டும். வேறு யாரிடம் போய்ப் பேசுவேன்? போய்ச் சேர்ந்துவிட்டால் என்னிடமிருந்து தப்பித்தாயிற்று என்று நினைத்தீர்களா? ஆனால் நேராக அதற்கு வரமாட்டேன். கோடு போட்ட மாதிரி பேசுகிறவர் நீங்கள். நான் ஊரைச் சுற்றிக்கொண்டுதான் வருவேன், அது உங்களுக்கே தெரியும்.

கேம்பல் லேனில் அப்பாவின் தையல் கடை. முன்பக்கம் அப்பா ஆண்களுக்குச் சட்டை தைப்பார். பின்பக்கம், திரைக்கு அந்தப்புறம், பெண்களுக்கு ரவிக்கை தைத்தது நான். உங்கள் அக்கா துணியோடு வந்தார், அவருக்குத் துணையாக நீங்கள் வந்தீர்கள். துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா. வெள்ளைச் சட்டை, பையில் பேனா, மூக்கில் கண்ணாடி. அளவெடுத்து முடித்ததும் திரைக்கு வெளியே நின்றபடி சொன்னீர்கள்:

"அக்கான்ர சட்டையை வடிவாத் தையும்."

எனக்குச் சுருக்கென்றது. முதலில் அந்த 'தையும்'. எங்கள் பக்கத்தில் 'நீர், உமக்கு' என்று மேடை நாடகத்தில் ராஜா மந்திரியிடம்தான் பேசுவார். அதற்கு மேல் அந்த 'வடிவா'. நான் என்ன கோணலும் மாணலுமாகவா தைக்கிறேன்? திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, "எங்க கடையில தைக்கிறது எல்லாமே அழகாத்தாங்க இருக்கும்" என்றேன். நீங்கள் திருதிருவென்று விழித்தீர்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். உங்கள் அக்கா உங்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அப்புறம் உங்கள் சட்டைகளுக்கு என்ன வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் பொத்தான் அறுந்திருக்கும். ஒரு நாள் காலர் நைந்திருக்கும். ஒரு நாள் எதுவுமே ஆகாத சட்டையைக் கொண்டுவந்து, "இதில ஏதும் பிழை இருக்கோ, பாரும்" என்றீர்கள். அப்பா விவரம் தெரிந்தவர். அந்தச் சட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "சட்டையில ஒரு பிழையும் இல்லீங்க தம்பி" என்றார். நீங்கள் அசட்டுச் சிரிப்போடு நின்றீர்கள். பொய் சொல்லத் தெரியாத ஆள் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துபோயிற்று.

தைப்பூசத்தன்றுதான் கேட்டீர்கள். சிராங்கூன் ரோடு முழுக்கக் காவடியும் மேளமும். நானும் வீட்டாரும் ஒரு கடை வாசலில் ஒதுங்கி நின்றோம். நீங்கள் கூட்டத்தில் நீந்தி வந்து எனக்குப் பக்கத்தில் நின்றீர்கள். மேளச் சத்தத்தில் என் காதுக்கு மட்டும் கேட்கும் என்று தைரியம்.

"எனக்கு உம்மில விருப்பம். இப்பவே பதில் வேண்டாம். வடிவா யோசிச்சுச் சொல்லும்."

என் வாய் சும்மா இருக்குமா? "யோசிக்கிறதுல என்னங்க அழகு வேண்டிக் கிடக்கு?" என்றேன்.

"வடிவா எண்டால் அழகில்லை. ஆறுதலா, ஒண்டும் விடாம."

"அப்ப அழகா இருக்கிறதுக்கு என்ன சொல்வீங்க?"

"அதுக்கும் வடிவெண்டுதான் சொல்லுவம்."

"ரெண்டுக்கும் ஒரே வார்த்தையா?"

நீங்கள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள். "ஏன், ரெண்டும் வேறையோ?"

உண்மையாகவே உங்களுக்குப் புரியவில்லை. "வேற வேறதாங்க" என்று சொல்லிவிட்டு நான் காவடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சம்மதம் என்பதை மட்டும் அடுத்த வாரம் ஒரு பொத்தானோடு சேர்த்துச் சொன்னேன்.

இரண்டு வீட்டிலும் சும்மா விட்டார்களா? என் அம்மா, "அவங்க பேசுறதே நமக்குப் புரியலையேடி, எப்படிக் குடும்பம் நடத்துவே" என்று அழுதாள். உங்கள் அக்கா, "படிச்ச பெட்டையள் எத்தினை பேர் இருக்கினம், உனக்குத் தையல்காரன்ர மகளோ கிடைச்சது" என்று கேட்டதாக நீங்களே வந்து என்னிடம் சொன்னீர்கள். அதை என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். "உமக்குத் தெரியாம என்ர மனசில ஒண்டும் வைக்கேலாது" என்றீர்கள். பெரிய சத்தியசந்தர். அந்த ஒரு பேச்சு எனக்கும் உங்கள் அக்காவுக்கும் நடுவில் எத்தனையோ வருஷம் கிடந்தது.

ரேஸ் கோர்ஸ் ரோட்டு மாடி அறையில் நான் உங்களுக்குப் பரிமாறிய முதல் சாப்பாடு நினைவிருக்கிறதா? சோறு போட்டதும், "காணும்" என்றீர்கள். எனக்குக் 'காணோம்' என்று கேட்டது. எதைக் காணோம்? அப்பளம்தான் என்று ஓடிப் போய் எடுத்து வந்தேன். அதற்கும் "காணும்". ஊறுகாய் வைத்தேன். "காணும், காணும்." எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னும் எதைத்தான் காணோம் இந்த மனுஷனுக்கு என்று மோர்ச் சட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தேன். கடைசியில் இரண்டு கையாலும் தட்டை மறைத்துக்கொண்டு, "போதும்" என்றீர்கள். உங்கள் ஊரில் காணும் என்றால் போதும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நாம் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுச் சீனக் கிழவர் தன் கூரையை ஏதோ கழியால் தட்டினார்.

ஆனால் உங்கள் உண்மையோடு குடித்தனம் நடத்துவது லேசில்லை. முதல் தீபாவளிக்குப் பச்சைப் புடவை எடுத்தேன். கட்டிக்கொண்டு வந்து நின்று, "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். தலையிலிருந்து கால்வரை பார்த்தீர்கள். "உந்தப் பச்சை உமக்குச் சரிவரேல்லை. கொஞ்சம் கறுத்துக் காட்டுது." நான் அன்று முழுவதும் உங்களிடம் பேசவில்லை. சாயங்காலம் நீங்கள் பாவம்போல் வந்து, "பொய் சொல்லியிருக்க வேணுமோ?" என்று கேட்டீர்கள். ஆமாம் என்று கத்தினேன். "அப்ப பிறகு நான் உண்மையா வடிவெண்டு சொல்லேக்க, நீர் எப்பிடி நம்புவீர்?" கேட்டது நியாயம்தான். அதற்காக விட்டுக்கொடுக்கவும் முடியவில்லை.

அதற்குப் பிறகு எனக்காகப் பொய் சொல்லப் பழகினீர்கள். அந்தக் கண்றாவியை என்னவென்று சொல்ல! "குழம்பு நல்லா இருக்கு" என்பீர்கள், கை தானாகக் கண்ணாடிக்குப் போய்விடும். இல்லாத சரிவைச் சரிசெய்வதுபோல் அதைத் தூக்கித் தூக்கிவிட்டுக்கொள்வீர்கள். பொய் சொன்னால் கை கண்ணாடியில், உண்மை சொன்னால் கை மடியில். நான் இதைக் கண்டுபிடித்த விஷயத்தை உங்களிடம் கடைசிவரை சொல்லவே இல்லை. பெண்சாதிக்கு என்று ஏதாவது ஒன்று வேண்டாமா?

பிறகு நான்தான் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தேன். "இதோ பாருங்க. எப்படி இருக்குன்னு கேட்டா, நல்லா இருக்குன்னு சொல்லிடணும். அது ஆசைக்குக் கேக்கிறது. உள்ளது தெரியணும்னா, உங்க பாஷையிலேயே வடிவாச் சொல்லுங்கன்னு கேப்பேன். அப்ப ஒண்ணையும் ஒளிக்கக் கூடாது. சரியா?" நீங்கள் யோசித்துவிட்டு, "ஓம்" என்றீர்கள். ஆமாம் என்பதற்கு முதல் வருஷத்தில் நீங்கள் சொன்ன அந்த 'ஓம்' எல்லாம் எனக்குச் சாமி கும்பிடுகிற மாதிரிதான் கேட்கும். இதுவும் அப்படித்தான் கேட்டது.

அந்த ஏற்பாடு நன்றாகத்தான் நடந்தது. புடவை, குழம்பு, கோலம், எனக்கு வந்த நரை எல்லாவற்றுக்கும் நான் 'எப்படி இருக்கு' என்றுதான் கேட்டேன். 'வடிவாச் சொல்லுங்க' என்பதை எடுத்துப் பத்திரமாக வைத்திருந்தேன், நல்ல நகையை வைப்பதுபோல. உங்கள் அம்மா என்னை ஏற்றுக்கொண்டாரா என்று அறிய ஒரு முறை எடுத்தேன். வேலையில் உங்களைத் தாண்டி வேறொருவருக்குப் பதவி உயர்வு கொடுத்தபோது, மனது நொந்திருக்கிறதா என்று கேட்க ஒரு முறை எடுத்தேன். இரண்டு தடவையும் உங்கள் கை மடியில்தான் இருந்தது.

பிரசவத்துக்குப் போனபோது எனக்குக் காய்ச்சல். அந்த நாளில் பாதி எனக்கு நினைவே இல்லை. விழித்தபோது வயிறு காலியாக இருந்தது. தொட்டிலும் காலியாக இருந்தது. பெண் குழந்தை என்றார்கள். ஒரு மூச்சு அழுததாம், அவ்வளவுதானாம். நான் நினைவு தெளியாமல் கிடந்ததால் காத்திருக்க முடியாது என்று, நீங்களும் அக்காவும் போய் அடக்கம் செய்துவிட்டு வந்துவிட்டீர்கள். நான் என் மகளைப் பார்க்கவில்லை. என் கைக்குள் அவள் ஒரு நிமிஷம்கூட இருக்கவில்லை.

சாயங்காலம் என் கட்டிலருகே வந்து உட்கார்ந்தீர்கள். உங்கள் செருப்பில் செம்மண் ஒட்டியிருந்தது. நான் அழவில்லை. உங்களையே பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"பிள்ளை எப்படி இருந்தா? வடிவாச் சொல்லுங்க."

நீங்கள் மெல்லச் சொன்னீர்கள். "வடிவா இருந்தவள்."

நான் உங்கள் கையைப் பார்த்தேன். அன்றைக்கென்று பார்த்துக் கண்ணாடி உங்கள் மூக்கில் இல்லை, கையில் இருந்தது. அதைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தீர்கள். கை மடியிலும் இருந்தது, கண்ணாடியிலும் இருந்தது. நான் எதை நம்புவேன்?

நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு வார்டு ஆயாவிடம், "நீங்க பிள்ளையப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். அவள் போர்வையை இழுத்துவிட்டபடி, "அதெல்லாம் எதுக்கும்மா இப்ப, விடுலா" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே நகர்ந்தாள். அந்த 'விடுலா'வை என்னால் விட முடியவில்லை. ஏதோ இருந்திருக்கிறது, இந்த மனுஷன் எனக்காக அழகாகச் சொல்லிவிட்டார் என்று தோன்றிவிட்டது. அது பொய்யாக இருந்தால் உங்களைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். உண்மையாக இருந்தால் என் மகள் முகத்தை மனதில் வரைந்துகொண்டு அழுதிருப்பேன். எது என்று தெரியாமல் இரண்டு அழுகையும் எனக்கு வாய்க்கவில்லை.

மறுபடி கேட்கவும் பயம். கேட்டால், அழகான அந்தப் பதிலும் போய்விடுமோ என்று பயம். நீங்களாகச் சொல்லவும் இல்லை. என் மனது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், நீங்கள் எல்லாவற்றையும் ஜாக்கிரதையாகப் பேசத் தொடங்கினீர்கள். குழம்பு நல்லா இருக்கு. புடவை நல்லா இருக்கு. எல்லாமே நல்லா இருக்கு. முதல் தீபாவளிக்கு நான் கேட்ட வரம் இதுதானே? அது கிடைத்தபோது வீடு ஆளில்லாத வீடு மாதிரி ஆகிவிட்டது. ஒரே அறைக்குள் இரண்டு பேரும் விருந்தாளிகள்போல நடமாடினோம். ரேடியோ மட்டும் சத்தமாகப் பேசியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் வேண்டுமென்றே ரசத்தில் உப்புப் போடவில்லை. நீங்கள் ஒரு வாய் குடித்தீர்கள். "நல்லா இருக்கு" என்றீர்கள். இன்னும் ஒரு வாய் குடித்தீர்கள். கை கண்ணாடிக்குப் போயிற்று. முழுக் கிண்ணத்தையும் மடமடவென்று குடித்துவிட்டு, என்னைப் பார்த்து, "நல்லா இருக்கு" என்று மறுபடி சொன்னீர்கள். நான் அகப்பையைக் கீழே போட்டுவிட்டு அழத் தொடங்கினேன். ஆஸ்பத்திரியில் வராத அழுகை எல்லாம் வந்தது. நீங்கள் பதறி எழுந்தீர்கள்.

"வடிவாச் சொல்லுங்க" என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

நீங்கள் தயங்கித் தயங்கி, "உப்பு இல்லை" என்றீர்கள்.

அப்புறம் நான் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே நீங்கள் அழுததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். மகளைப் பற்றி நாம் அப்போதும் பேசவில்லை. ஆனால் சாயங்காலம் என் பச்சைப் புடவை இன்னும் இருக்கிறதா என்று நீங்களாகக் கேட்டு, "அதைக் கட்டாதையும்" என்றீர்கள். எனக்கு உயிர் வந்தது.

வருஷங்கள் போயின. நமக்கு வேறு பிள்ளை இல்லை. ரேஸ் கோர்ஸ் ரோட்டிலிருந்து இங்கே, தோ பாயோவில் அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம். மின்தூக்கியில் ஏற நான் பயந்ததும், நீங்கள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "விழாது. விழுந்தால் ரெண்டு பேரும் சேர்ந்துதான் விழுவம்" என்று ஆறுதல் சொன்ன லட்சணமும் நினைவிருக்கிறது. வந்த வாரமே பக்கத்து வீட்டு லட்சுமி வாசலில் நின்று, "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கக்கா?" என்று கேட்டாள். நல்ல பெண், வெள்ளையாகக் கேட்டாள். "இல்லைம்மா" என்றேன்.

உள்ளே வந்ததும் நீங்கள் கேட்டீர்கள். "ஏன் இல்லை எண்டனீர்? இருந்தவள்தானே?"

"இருந்தான்னு சொன்னா, எப்படி இருந்தான்னு கேப்பாங்க. நான் என்னன்னு சொல்லட்டும்? நான் பாத்தேனா?"

நீங்கள் வாயைத் திறந்தீர்கள். நான் பால் பொங்குகிறது என்று சமையலறைக்கு ஓடிவிட்டேன். அடுப்பில் பாலே இல்லை.

உங்கள் இதயம் பழுதுபட்டபோது டாக்டர் உங்களை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் பேசினார். வீட்டுக்கு வரும் வழியில், பேருந்தில், நீங்கள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டீர்கள். "டாக்டர் என்ன சொன்னவர்? வடிவாச் சொல்லும்."

நம் ஏற்பாட்டு வார்த்தையை நீங்கள் என்னிடம் எடுத்தது அதுதான் முதல் முறை. எனக்கு அழகாகச் சொல்லத்தான் வாய் வந்தது. மாத்திரை கொடுத்திருக்கிறார், ஓய்வெடுத்தால் சரியாகிவிடும், இப்படி எத்தனையோ வந்தது. ஆனால் நீங்கள் அழகைக் கேட்கவில்லை. உங்களுக்கு வடிவு என்றால் ஒன்றும் விடாமல். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நாள் இல்லைன்னு சொன்னாருங்க" என்றேன். அதைவிட அன்பாக நான் உங்களிடம் எதுவும் சொன்னதில்லை என்று இப்போது நினைக்கிறேன். நீங்கள், "ஓம்" என்றீர்கள். சிராங்கூன் ரோடு தாண்டி வீடு வரும்வரை என் கையை விடவில்லை.

கடைசி வாரத்தில் ஒரு காலை, தலையணையில் சாய்ந்திருந்தபடி நீங்களாகவே தொடங்கினீர்கள். "பிள்ளையைப் பற்றி அண்டைக்கு நீர் கேட்டனீர். நான் முழுக்கச் சொல்லேல்லை. இப்ப சொல்லட்டோ?"

உங்களுக்கு மூச்சு வாங்கியது. மனசுக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு போக முடியாத மனுஷன். எனக்காகத்தான் அத்தனை வருஷம் வைத்திருந்தீர்கள், அதுவே உங்களை எவ்வளவு படுத்தியிருக்கும் என்று அப்போது புரிந்தது. நான் உங்கள் வாயில் கை வைத்தேன்.

"வடிவா இருந்தான்னு சொன்னீங்க இல்ல? காணும்."

உங்கள் ஊர் வார்த்தையை நான் சரியாகச் சொன்னது உங்களுக்குச் சிரிப்பு மூட்டியது. "காணுமோ?" என்றீர்கள். "காணும்" என்றேன். அதற்குப் பிறகு நாம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நீங்கள் போய்விட்டீர்கள். பொய்தான் சொல்லியிருக்கிறார், பரவாயில்லை, எனக்காகச் சொன்ன பொய் என்று அன்றோடு அதை மூடி வைத்துவிட்டேன்.

இப்போது வாழைக்காய்க்கு வருகிறேன்.

உங்கள் அக்காவுக்கும் வயதாகிவிட்டது. என் சமையலறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாழைக்காய் நறுக்கினார். நான் அலமாரியிலிருந்து எடுத்த கண்ணாடிக் கூட்டை அடுக்களை மேடையிலேயே வைத்திருந்தேன். அதைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

"இந்தக் கண்ணாடியைத்தானே அண்டைக்குத் துடைச்சுத் துடைச்சுப் போட்டவன்."

"என்னைக்குக்கா?"

"உம்மட பிள்ளையை அடக்கஞ் செய்த அண்டைக்கு. பிள்ளைக்கு மேல்சொண்டு பிளந்து, மூக்குவரைக்கும் பிளந்து கிடந்தது. என்னால பாக்கேலாமப் போச்சு, நான் துவாயால முகத்தை மூடினனான். தம்பி விடேல்லை. துவாயை எடுத்துப்போட்டு, பிள்ளையை ஜன்னலடிக்குக் கொண்டுபோனவன். கண்ணெல்லாம் தண்ணி, கண்ணாடி மங்கிப் போகுது. கழட்டித் துடைக்கிறான், போடுறான், பாக்கிறான். திரும்பத் துடைக்கிறான். ஆக்கள் நேரமாகுதெண்டு கூப்பிடுகினம், அவன் அசையேல்லை. பிள்ளையை வடிவாப் பாத்தவன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு அக்கா நிறுத்தினார். "உமக்கு அவன் சொல்லேல்லையோ? சொன்னவன் எண்டெல்லோ நான் நினைச்சன்."

"சொன்னாருக்கா" என்றேன். "அன்னைக்கே சொன்னாரு."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். தையல்காரன் மகள் கையை அவர் தொட்டது அதுதான் முதல் தடவை. இரண்டு பேரும் வாழைக்காய்த் தோலுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதோம்.

எத்தனை வருஷமாக உங்களைப் பொய்க்காரர் ஆக்கி, அதற்காக உங்கள்மேல் கூடுதலாக அன்பு வைத்திருந்தேன் பாருங்கள். ஆஸ்பத்திரியில் நீங்கள் பொய்யை மறைக்கத் துடைக்கவில்லை. அவளைப் பார்த்த கண்ணாடியை அப்போதும் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். ஒன்றும் விடாமல் பார்த்துவிட்டுத்தான் வந்து சொல்லியிருக்கிறீர்கள். தைப்பூசக் கூட்டத்தில் நின்று கேட்டீர்களே, "ஏன், ரெண்டும் வேறையோ?" என்று. அன்றைக்கு வேறுதான் என்றேன். என் பதிலை இன்றைக்கு மாற்றிக்கொள்கிறேன். காது கேட்கிறதா உங்களுக்கு?

உங்கள் கைக்குட்டையை நான் துவைக்கப்போவதில்லை. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன், எனக்குத் தலை சுற்றுகிறது. ஆனாலும் தினமும் எடுத்துத் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வைக்கிறேன். அந்தக் கண்ணாடி வழியாகத்தானே அவள் முகத்தை ஒருவராவது பார்த்தார்.

நேற்று காலை லட்சுமியின் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். தாழ்வாரத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என்னிடம், "பிள்ளைங்க எல்லாம் வேலைக்குப் போயிட்டாங்களாம்மா?" என்று கேட்டார். லட்சுமி சங்கடத்தோடு அம்மாவின் கையைக் கிள்ளினாள். நான் துணியைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினேன்.

"எனக்கு ஒரு பொண்ணு இருந்தாம்மா" என்றேன். "மேலுதடு பிளந்து பொறந்தா. வடிவா இருந்தா."